பழைய பதிப்புக்குத் திரும்புதல்: தமிழ், மலையாள எழுத்துக் குறிமுறைகளின் வரலாறு தரும் சில பாடங்கள்

1. முன்னுரை

மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பை நிறுவி, அது எதிர்பார்த்தவாறு இயங்காமையால் பழைய பதிப்புக்கே திரும்ப நேர்ந்தோர் நம்மிடையே பலர். இதனைக் கணிப்பொறியாளர் தீர்க்க வேண்டிய சிக்கல் என்று ஒதுக்கிவிடுவதே வழக்கம். ஆயின் மாற்றத்துக்கு உள்ளாவது மொழித்தரவாக இருக்குமானால், அது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்தூன்ற வேண்டிய சிக்கலாகிறது. எழுத்துகளைக் கணினி எவ்வாறு குறிக்கிறது என்பது அடிப்படையில் எழுத்தியல் சார்ந்த வினாவேயாகும்.

இக்கட்டுரை எழுதத் தூண்டுதலாக இருந்தது என் சொந்தப் பட்டறிவு. பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் வழங்கும் தமிழ்ப் பேச்சுவழக்குச் சொற்களைச் சில ஆண்டுகள் தொகுத்துவந்தேன். சீட்டுகளில் எழுதப்பட்ட சொற்கள் அக்காலத்தில் வழங்கிய எட்டு பிட்டு எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டன. பின்னர், பயன்படுத்திய மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. பழைய கோப்புகளைத் தானே ஒருங்குறிக்கு மாற்றித் தரும் என்ற உறுதிமொழியும் உடன் வந்தது. நிறுவினேன், கோப்புகள் திறந்தன, முதற்பார்வையில் எல்லாம் ஒழுங்காகவே தோன்றின. அகரநிரலில் அடுக்கிய பின்னரே பிழை புலப்பட்டது. ‘வெளக்கு’ என்று பதிவு செய்திருந்த சொல் ‘வௌக்கு’ என்றும், ‘கெளக்கு’ என்பது ‘கௌக்கு’ என்றும் மாறி, ஔகாரச் சொற்களின் வரிசையில் போய் நின்றன.

இரண்டு வாரம் திருத்திப் பார்த்த பின் பழைய பதிப்பையே மீண்டும் நிறுவினேன். அப்போது மற்றோர் உண்மை தெரிந்தது. புதிய பதிப்பில் சேமித்த கோப்புகளைப் பழைய பதிப்பு திறக்கவில்லை. அவ்விரு வாரங்களில் புதிதாகச் சேர்த்த சொற்களைச் சீட்டுகளைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று. மென்பொருள் முன்னிருந்த நிலைக்குத் திரும்பியது, தரவு திரும்பவில்லை.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் பொருள். எழுத்து வரலாற்றில் சில மாற்றங்களிலிருந்து பின்னர் எளிதாகத் திரும்ப முடிந்திருக்கிறது. சிலவற்றிலிருந்து திரும்ப இயலவில்லை. இதற்குக் காரணம் யாது என்பதைத் தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிகளின் அண்மைக்கால வரலாற்றைக் கொண்டு காண்போம்.

2. சித்தூர்: ஒரு பெயரும் அதன் எழுத்தும்

ஈண்டுக் குறிக்கப்படும் சித்தூர் ஆந்திரச் சித்தூர் அன்று. பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர். முன்னாளில் இது கொச்சி அரசைச் சேர்ந்திருந்தது. அவ்வரசின் ஏனைய பகுதிகளோடு நிலத்தொடர்பு இன்றி, ஒருபுறம் பிரித்தானிய மலபாரும் மறுபுறம் கோயம்புத்தூர் மாவட்டமும் அமையத் தனித்துக் கிடந்த பகுதி இது. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி அரசிலும், 1956இல் கேரள மாநிலத்திலும் இணைந்தது. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில், பல வேளைகளில் ஒரே வீட்டில், வழங்கும் ஊர் இது. 1947இல் தொடங்கப்பெற்ற இவ்வூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உண்டு. 1969ஆம் ஆண்டின் கேரள அலுவல்மொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் அரசு அலுவலகங்களோடு தத்தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழர் மிகுதி. ஆகவே இந்த எல்லைப் பகுதிகளில் இரு மொழிகளின் எழுத்துமுறைகளும் அன்றாட வாழ்க்கையோடு தொடர்புடையவை.

மலையாள எழுத்தின் தந்தையாக மரபு போற்றும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்த இடமாகச் சித்தூரையே சொல்வர். சோகநாசினி ஆற்றங்கரையில் அவர் பெயரால் குருமடம் இன்றும் உள்ளது. பதினாறாம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் அவர் காலத்தை ஒட்டி, கிரந்தத்திலிருந்து வளர்ந்த ஆரிய எழுத்து இலக்கியத்துக்கு உரியதாக நிலைபெற்றது. எனினும் பழைய வட்டெழுத்தும் அதன் வழிவந்த கோலெழுத்தும் ஆவணங்களிலும் கணக்குகளிலும் நெடுங்காலம் தொடர்ந்து வழங்கின. புதியது வந்தவுடன் பழையது அழிக்கப்படவில்லை. இரண்டும் பல தலைமுறை உடன் வாழ்ந்தன. எழுத்து மாற்றம் நிகழும் இயல்பான வழி இதுவே எனலாம்.

இவ்வூரின் பெயரும் நம் ஆய்வுக்கு உதவுகிறது. தமிழில் ‘சித்தூர்’ என்று எழுதப்படும் இப்பெயரை மலையாளத்தார் ‘சிற்றூர்’ என்பதற்கு நேரான எழுத்துகளால் எழுதுகின்றனர். அப்பெயரின் இறுதி ரகரமெய் மலையாளத்தில் ‘சில்லு’ எனப்படும் தனி வடிவம் பெறும். இந்த ஓர் எழுத்தே, பின்னர்க் காணப்போவது போல, ஊரின் பெயரைக் கணினியில் இரண்டாகப் பிரித்துவிட்டது.

3. வரிவடிவு மாற்றங்கள்

3.1 மலையாளம், 1971

மலையாள எழுத்தில் மெய்கள் ஒன்றோடொன்று கூடியும், உகர ஊகாரக் குறிகள் மெய்யோடு பிணைந்தும் மிகப் பல கூட்டு வடிவங்கள் உண்டு. அச்சுக்கோப்பவருக்கு ஏறத்தாழ ஆயிரம் அச்சுகள் தேவைப்பட்டன. தட்டச்சுப் பொறியிலோ அவற்றுக்கு இடமே இல்லை. இக்குறையை நீக்க, 1967இல் சூரநாடு குஞ்ஞன்பிள்ளை தலைமையில் கேரள அரசு குழு ஒன்றை அமைத்தது. அதன் பரிந்துரைகள் 1969இல் அமைந்த மற்றொரு குழுவால் திருத்தப்பெற்றன. 1971 ஏப்ரல் 15 முதல் ‘புதிய லிபி’ நடைமுறைக்கு வந்தது. உகர, ஊகாரக் குறிகள் மெய்யிலிருந்து பிரிந்து தனியே நின்றன. கூட்டெழுத்துகள் பல, சந்திரக்கலை எனும் குறியால் பிரித்து எழுதப்பட்டன.

இது தட்டச்சுப் பொறிக்காகச் செய்யப்பட்ட மேம்பாடு. சில ஆண்டுகளில் தட்டச்சுப் பொறியே வழக்கொழியத் தொடங்கியது. கணினிக்கு ஆயிரம் வடிவங்கள் ஒரு சுமையல்ல. எந்தக் கருவிக்காக எழுத்து மாற்றப்பட்டதோ அக்கருவி மறைந்த பின்னும் மாற்றம் நீடித்தது. கையெழுத்தில் பழையதும் புதியதும் கலந்தன. அச்சகத்துக்கு அச்சகம் வேறுபாடு தோன்றியது. இந்நிலையில் 1999இல் ஆர். சித்ரஜகுமார், கே. எச். ஹுசைன் முதலியோர் ‘ரசனா அட்சரவேதி’ என்ற அமைப்பின் வாயிலாகப் பழைய லிபியை மீட்கும் முயற்சியைத் தொடங்கினர். அவர்கள் உருவாக்கிய எழுத்துருவில் ஏறத்தாழத் தொள்ளாயிரம் வடிவங்கள் இருந்தன. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2022இல், பழைய வடிவங்களை ஓரளவு மீட்பதென்று கேரள அரசே முடிவு செய்தது.

3.2 தமிழ், 1978

தமிழிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் வழங்கிய சீர்திருத்த எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1978இல், எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சராக இருந்தபோது, ஆணையிட்டு ஏற்றது. ணா, றா, னா ஆகியவையும், அவற்றின் ஒகர ஓகார வரிசையும், ணை, லை, ளை, னை ஆகியவையுமாகப் பதின்மூன்று எழுத்துகள் பிற எழுத்துகளின் போக்கிலேயே ஒழுங்கு பெற்றன. ஐகார ஒளகாரங்களுக்குப் பதிலாக அய், அவ் என்று எழுதும் பரிந்துரை மட்டும் அரசாணையில் இடம்பெறவில்லை.

மேற்கண்ட வாக்கியத்தில் ‘ஐகார ஒளகாரங்கள்’ என்ற தொடரை வாசகர் தயக்கமின்றிப் படித்திருப்பர். அதில் ஔகாரத்தை வேண்டுமென்றே ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்துள்ளேன். கண்ணுக்கு இது பெரும் வேறுபாடு அன்று. கணினிக்கோ வேறொரு சொல். இதன் பொருளைப் பின்னர்க் காண்போம்.

3.3 இரண்டுக்கும் பொதுவான பண்பு

மேற்கூறிய இரு மாற்றங்களும் வரிவடிவு சார்ந்தவை. பழைய ‘ணை’யும் புதிய ‘ணை’யும் ஒரே எழுத்தின் இரு தோற்றங்கள், ஒலியனுக்கு மாற்றொலிகள் போல, ஓர் எழுத்துக்கு அமைந்த மாற்றுவடிவங்கள். ஒருங்குறி இரண்டையும் வேறுபடுத்துவதில்லை. ணகரத்துக்கு ஒரு குறியெண், ஐகாரக் குறிக்கு ஒரு குறியெண், அவ்வளவே. அவை எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை எழுத்துரு முடிவு செய்கிறது. மலையாளத்திலும் பழைய லிபி, புதிய லிபி என்று இரு குறிமுறைகள் இல்லை. ஆகவேதான் ரசனா முயற்சியால் எவரும் தம் கோப்பைத் திருத்தாமலே, எழுத்துருவை மட்டும் மாற்றி, 1971க்கு முற்பட்ட தோற்றத்தைப் பெற முடிகிறது. விரும்பாதவர் மறுகணமே திரும்பிவிடலாம். மாற்றம் வரிவடிவின் அளவில் நிற்குமானால் திரும்பும் வழி திறந்தே இருக்கும்.

4. குறி மாற்றங்கள்

4.1 ஒரு பழைய எடுத்துக்காட்டு

இதற்கு மாறான வகையும் நம் மரபில் உண்டு. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. அம்முறையில் புள்ளியில்லா வடிவம் நெடில். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்த பின், அடையாளமில்லா வடிவமே குறிலாயிற்று. அதாவது ஒரே வரிவடிவின் மதிப்பு தலைகீழாக மாறிவிட்டது. இது வெறும் தோற்ற மாற்றம் அன்று; குறி மாற்றம். ஓலைச்சுவடியைப் பதிப்பிப்போர் அச்சுவடி எம்முறையில் எழுதப்பட்டது என்பதை அறியாமல் படிக்க இயலாது. ஏட்டில் புள்ளி பெரும்பாலும் விடுபட்டுப் போனமையால் இடர்ப்பாடு மேலும் மிகுந்தது. எனினும் மொழியறிவுடைய வாசகர் இடம் நோக்கிக் குறிலா நெடிலா என்று தெளிந்துகொண்டனர். பொறிக்கு அத்தகைய தெளிவு இல்லை.

4.2 எட்டு பிட்டுக் காலம்

கணினியில் தமிழ் பரவிய முதற் கட்டத்தில் எழுத்துருவும் குறிமுறையும் ஒன்றாகவே இருந்தன. எட்டு பிட்டுகளால் 256 இடங்களே கிடைக்கும். அவற்றில் தமிழ் வடிவங்களை எங்கெங்கு வைப்பது என்பதை ஒவ்வோர் எழுத்துரு ஆக்குநரும் தம் விருப்பம்போல் முடிவு செய்தனர். ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். இக்குழப்பத்தைக் களையும் முயற்சியில் 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடும் குறிப்பிடத்தக்கவை. இணையவழிக் கலந்துரையாடலால் டிஸ்கி என்ற குறிமுறை உருவாயிற்று. தமிழ்நாடு அரசு தாம், தாப் என்ற இரு குறிமுறைகளையும், தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. 2010 ஜூன் திங்களில் ஒருங்குறியும், அதற்கு ஆதரவில்லாத இடங்களில் தேஸ்16 என்ற பதினாறு பிட்டுக் குறிமுறையும் அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தமிழ் உரைகள் பலமுறை குறிமாற்றம் பெற வேண்டியிருந்தது.

எட்டு பிட்டு முறையில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன. ‘கொ’ என்பதற்கு ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகள். ஒருங்குறியிலோ முதலில் ககரம், பின்னர் ஒகரக் குறி. இவ்வரிசை மாற்றம் இயந்திர முறையில் செய்யத்தக்கதே. சிக்கல் ஔகாரத்தில் எழுந்தது. டிஸ்கியில் ஔகாரத்தின் வலப்பக்கக் குறிக்குத் தனியிடம் உண்டு. ஆனால் அச்சகங்களில் பெரிதும் வழங்கிய வேறு பல எழுத்துருக்களில் அக்குறியும் ளகரமும் ஒரே விசை, ஒரே இடம். ஆகவே கொம்பு, ககரம், ளகரம் என்ற தொடர் ‘கௌ’ ஆகவும் இருக்கலாம்; ‘கெள’ ஆகவும் இருக்கலாம்.

உருமாற்றி மென்பொருளை எழுதியோர் இதனை ஔகாரமாகவே கொண்டனர். எழுத்துவழக்கைப் பொறுத்தவரை இது ஏற்கத்தக்க முடிவே. கௌரவம், வௌவால், மௌனம் போன்ற சொற்கள் மிகுதி. எகரக் குறிலேறிய மெய்யை அடுத்து அகரமேறிய ளகரம் வரும் சொற்கள் எழுத்துவழக்கில் அரியன. பேச்சுவழக்கில் நிலைமை நேர்மாறு. அடுத்த அசையில் அகரம் வருமிடத்து முதலசை இகரம் எகரமாதல் பேச்சுத் தமிழின் பரவலான இயல்பு. விளக்கு ‘வெளக்கு’ ஆகும். விளையாட்டு ‘வெளயாட்டு’ ஆகும். கிளம்பு ‘கெளம்பு’ ஆகும். ழகரம் ளகரமாகும் வழக்கில் கிழக்கு ‘கெளக்கு’ எனவும், கிழவி ‘கெளவி’ எனவும் வரும். இவற்றுள் ‘கெளவி’ என்பது மாற்றத்துக்குப் பின் ‘கௌவி’ ஆயிற்று. பெயர்ச்சொல் வினையெச்சமாகிவிட்டது, மூதாட்டியைக் குறித்த சொல் ‘பல்லால் பற்றி’ என்று பொருள்படுகிறது. ‘வௌக்கு’ போன்ற பிழையை எவரும் கண்டுகொள்வர். ‘கௌவி’ என்பதோ அகராதியில் உள்ள சொல். எழுத்துப்பிழை திருத்தியும் அதனை ஐயுறாது.

எழுத்துவழக்கை மட்டும் கருதிச் செய்யப்பட்ட மேம்பாடு பேச்சுவழக்குத் தரவை எவ்வாறு சிதைக்கும் என்பதற்கு இது தக்க சான்று. மேலும் இம்மாற்றம் ஒன்றுக்கொன்று நேரானதன்று. பழைய கோப்பில் இரு பொருளும் ஒரே குறியால் சுட்டப்பட்டன. புதிய கோப்பில் இரண்டும் ஔகாரமாயின. உண்மையான ஔகாரம் எது, உருமாற்றி ஆக்கிய ஔகாரம் எது என்பதைப் பின்னர் எந்த விதியாலும் பிரித்தறிய முடியாது. சீட்டு ஒன்றே சான்று.

4.3 அச்சகங்களின் முடிவு

இக்காலத்தில் தமிழ்நாட்டு அச்சகங்கள் பலவும் மேற்கொண்ட வழி இங்குக் கருதத்தக்கது. நூல் வடிவமைப்புக்குப் பெரிதும் பயன்பட்ட பேஜ்மேக்கர் மென்பொருளின் இறுதிப் பதிப்பு 2001இல் வெளிவந்த ஏழாம் பதிப்பாகும். அது ஒருங்குறியை அறியாது. அதற்கு மாற்றாக வந்த இன்டிசைன் மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கு முறையான ஆதரவு 2012இல் வெளியான பதிப்பில்தான் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் புதியதை முயன்றவர்கள் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறக் கண்டு பழைய பேஜ்மேக்கருக்கே திரும்பினர். ஆசிரியர் ஒருங்குறியில் அனுப்பிய படி அச்சகத்தில் எட்டு பிட்டுக்கு மாற்றப்பட்டு, அச்சேறிய பின் மின்னூலுக்காக மீண்டும் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டது.

இதனைப் பழமைப் பற்று என்று இகழ்வது பொருந்தாது. பிழையின்றி நூல் அச்சாவதே அவர்கள் கடமை. அதற்கு உதவிய கருவியை அவர்கள் கைவிடவில்லை. ஆயின் இருமுறை மாற்றத்தின் விளைவை மொழிபெயர்ப்பாளரும் மெய்ப்பு நோக்குவோரும் சுமக்க நேர்ந்தது. இன்று மின்வடிவில் காணப்படும் ‘கெளரவம்’, ‘மெளனம்’ போன்ற ளகரமிட்ட வடிவங்கள் அக்காலத் தட்டச்சுப் பழக்கத்தின் எச்சங்களே. ‘கௌரவம்’ என்று தேடினால் அவை கிடைப்பதில்லை.

5. திரும்ப இயலாத தரம்

ஒருங்குறியின் தொடக்க ஆண்டுகளில் அதுவும் பின்வாங்கியதுண்டு. 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பில் இடம்பெற்ற திபெத்திய எழுத்து பின்னர் நீக்கப்பட்டது; 1996இல் இரண்டாம் பதிப்பில் வேறு இடத்தில், வேறு அமைப்பில் சேர்க்கப்பட்டது. அது விட்டுச்சென்ற இடத்தில் பிற்காலத்தில் பர்மிய எழுத்து குடியேறியது. கொரிய அசையெழுத்துகள் 6,656 இருந்தன. அவை அதே இரண்டாம் பதிப்பில் நீக்கப்பட்டு, 11,172 அசையெழுத்துகள் புதிய இடத்தில் வைக்கப்பட்டன. பழைய இடங்களை நம்பி எழுதப்பட்ட உரைகள் பயனற்றுப்போகும் நிலை தோன்றியது. இப்பட்டறிவின் பின், ஒருமுறை சேர்த்த எழுத்தை இடம் மாற்றவோ நீக்கவோ கூடாது என்ற நிலைபேற்றுக் கொள்கையை ஒருங்குறி மேற்கொண்டது.

இக்கொள்கை உரைகளைக் காக்கிறது. அதே வேளையில் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியையும் அடைக்கிறது. பிழையான முடிவு ஒன்று தரத்தில் நுழைந்துவிட்டால் அதனை நீக்க இயலாது. அதன் பக்கத்தில் மற்றொன்றை வைக்கலாம், அவ்வளவே. அப்போது ஒரே எழுத்துக்கு இரு குறிகள் அமைகின்றன.

மலையாளச் சில்லுகள் இதற்குச் சிறந்த சான்று. முதலில் மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பி என்ற மூன்று குறிகளின் தொடராகச் சில்லு எழுதப்பட்டது. தெரியாத குறி ஒன்றே பொருள் வேறுபாட்டைச் சுமப்பது தகாது என்ற வாதம் எழுந்தது. ‘வன்’, ‘யவனிக’ (பெருந்திரை) என்பதும், ‘வன்ய’, ‘வனிக’ (காட்டுச் சோலை) என்பதும் இணைப்பியை நீக்கினால் ஒன்றாகிவிடும் என்று காட்டப்பட்டது. 2008இல் வெளியான 5.1ஆம் பதிப்பில் சில்லுகள் தனி எழுத்துகளாக இடம்பெற்றன. கேரளத்துக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் பலர் இதனை எதிர்த்தனர். ஏற்கெனவே எழுதப்பட்ட உரைகள் அனைத்தும் பழைய முறையில் இருக்க, இரண்டாவது முறை ஒன்று தோன்றுவது தேடலையும் ஒப்பீட்டையும் குலைக்கும் என்பது அவர்கள் கருத்து. இரு முறைகளுக்கும் இடையே நியமச் சமன்மை தரத்தில் வகுக்கப்படவில்லை. பழைய எழுத்துருக்களில் புதிய சில்லுகள் வெறுங்கட்டங்களாகத் தோன்றின. அதனால் பழைய முறையிலேயே எழுதுவோரும் இருந்தனர். புதியதற்கு மாறியோரும் இருந்தனர். இரு தரப்பு வாதத்திலும் உண்மை உண்டு. எனினும் விளைவு, சித்தூரின் மலையாளப் பெயர் இறுதிச் சில்லின் காரணமாக இருவகைக் குறித்தொடர்களில் வழங்குவதே. திரையில் இரண்டும் ஒன்றே. பொறிக்கு அவை இரு வேறு ஊர்கள்.

தமிழில் ‘ஸ்ரீ’ என்பதும் இத்தகையதே. 2005க்கு முன் அது ஸகரமெய்யோடு ரீகாரமாகக் குறிக்கப்பட்டது. அவ்வாண்டில் வந்த 4.1ஆம் பதிப்பில் ‘ஶ’ என்ற எழுத்து சேர்ந்த பின், அதனை முதலாகக் கொண்ட தொடரே தகுந்தது என்று பரிந்துரைக்கப்பட்டது. விசைப்பலகைகள் பலவும் பழைய தொடரையே தொடர்ந்து இடுகின்றன. இவ்வெழுத்தில் தொடங்கும் ஆட்பெயர் ஒன்று இரு பட்டியல்களில் இரு வகையாகப் பதிவாகியிருந்தால், ஒப்பிடும் மென்பொருள் அவற்றை ஒருவரெனக் கொள்ளாது. தமிழில் மனு எழுதி மலையாளத்தில் கோப்பாகும் எல்லைப்பகுதி ஒன்றில், பெயர்களை ஒருமொழியிலிருந்து மற்றதற்குக் கொண்டுசெல்லும் மொழிபெயர்ப்பாளர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

ஒப்பிட்டு நோக்க, தமிழின் ‘கொ’ இருவகையில் குறிக்கப்படினும், அதாவது ஒகரக் குறி ஒன்றாகவோ கொம்பும் காலுமாக இரண்டாகவோ அமையினும், அவை சமமென்று தரமே விதித்துள்ளது. அதனால் அங்குக் குழப்பம் இல்லை. குறி இரண்டாதல் தவறன்று. அவை ஒன்றென அறிவிக்கப்படாமையே தவறு.

6. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவது இது. எழுத்து மாற்றம் வரிவடிவின் அளவில் நிகழ்ந்தால், எத்துணை ஆண்டு கழிந்தாலும் திரும்பலாம்; மலையாளம் ஐம்பது ஆண்டுக்குப் பின் திரும்பத் தொடங்கியுள்ளது. மாற்றம் குறியின் அளவில் நிகழ்ந்தால், பழையதற்கும் புதியதற்கும் ஒன்றுக்கொன்று நேரான உறவு இருக்கும்வரை மட்டுமே திரும்ப முடியும். அவ்வுறவு ஓரிடத்தில் அறுந்தாலும், மென்பொருளின் பழைய பதிப்பை மீட்பதால் மட்டும் பயனில்லை.

இதிலிருந்து மொழித்தரவைக் கையாள்வோர் கொள்ளத்தக்க நெறிகள் சில உள்ளன. ஒன்று, மூலக் கோப்பை அழிக்காமல், அது எந்த எழுத்துருவில், எந்தக் குறிமுறையில் ஆனது என்ற குறிப்போடு பாதுகாத்தல். இரண்டு, மாற்றிய கோப்பை மீண்டும் பழைய முறைக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல். இதனால் வரிசைப் பிழைகள் பல வெளிப்படும். எனினும் ‘கெளவி’ போன்ற பிழை வெளிப்படாது. இரு வடிவமும் பழைய முறையில் ஒரே தொடராதலின் ஒப்பீடு சரியென்றே காட்டும். ஆகவே மூன்றாவது நெறி இன்றியமையாதது: பேச்சுவழக்கு, ஆட்பெயர், ஊர்ப்பெயர், கிரந்தம் கலந்த சொல் ஆகியவற்றைத் தனியே எடுத்து, மொழியறிந்தவர் ஒருவர் கண்ணால் சரிபார்த்தல். நான்கு, தேடலுக்கும் அகரநிரலுக்கும் உரிய பட்டியல்களில் இருவகைக் குறித்தொடர்களையும் ஒன்றெனக் கொள்ளும் விதியை முன்கூட்டியே வகுத்தல்.

சித்தூர்ச் சொற்றொகை இப்போது ஒருங்குறியில் உள்ளது. மாற்றத்துக்கு முன், கொம்பும் மெய்யும் ளகரமும் அடுத்தடுத்து வரும் இடம் ஒவ்வொன்றையும் பழைய கோப்பிலேயே அடையாளமிட்டு, உரிய சீட்டோடு ஒப்பிட்டேன். காலம் மிகுதியாகச் செலவாயிற்று. ஆனால் வெளக்கு வெளக்காகவே வந்து சேர்ந்தது. சீட்டுகளை எறிந்துவிடும்படி முன்பு அறிவுரை கூறியோர் உண்டு. அவை இன்னும் என் அலமாரியில்தான் இருக்கின்றன.